மகள் டீச்சராக வேண்டும் என்கிறாள்

பதுளை பஸ் நிலையத்தில் காலை ஆறு மணிக்கெல்லாம் ஒரு கூட்டத்தைக் காணலாம். சேலைத் தலைப்பைக் குளிருக்குப் போர்த்திக்கொண்டு, ஒரு தோளில் கைப்பை, மறு கையில் குடை, சாப்பாட்டுப் பெட்டி, சுருட்டிய பிரிஸ்டல் அட்டை என்று நிற்கும் பெண்கள். பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, நமுனுகல என்று ஆளுக்கொரு திசை. எல்லாரும் டீச்சர்மார். பஸ் இறக்கிவிடும் சந்தியிலிருந்து தேயிலை மலைக்குள் இன்னும் ஒன்றரை மைல் ஏறி நடந்தால்தான் சிலருக்குப் பாடசாலை வரும். அந்தக் கூட்டத்தில் தலையை மூடிய நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு தலைமுறைக்கு முன்னர் இருந்ததைவிட இப்போது அதிகமாகவே இருக்கிறார்கள்.

அவர்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும் உம்மாமாருக்கு ஓர் ஆசை பிறக்கிறது: "என்ட மகளும் டீச்சராகட்டும்." ஆசை நல்லதுதான். ஆனால் அதற்கு என்ன படிக்க வேண்டும், எத்தனை வருடம், எந்தப் பரீட்சையில் எவ்வளவு எடுக்க வேண்டும், இடையில் சறுக்கினால் என்ன ஆகும் என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் பதில் இல்லை. வெலிமடைப் பக்கத்தில் ஒரு கலியாண வீட்டில் என் பக்கத்தில் இருந்து சோறு சாப்பிட்ட ஒரு தாய் கேட்டார்: "டீச்சர், கலாசாலை என்கிறாங்க, கல்வியியற் கல்லூரி என்கிறாங்க, ரெண்டும் ஒண்டுதானே?" ஒன்றல்ல. அந்தத் தாய்க்குச் சாப்பாட்டுச் சகனுக்கு முன்னால் அவசரமாகச் சொன்னதைத்தான் இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

மூன்று வாசல்கள்

இலங்கையில் அரசாங்க ஆசிரியராவதற்கு முக்கியமாக மூன்று வழிகள் இருந்து வந்திருக்கின்றன. முதலாவது, பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் பெற்று, பின்னர் நியமனம் பெறுவது. இரண்டாவது, உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றைக் கொண்டு தேசிய கல்வியியற் கல்லூரியில் சேர்ந்து மூன்று வருடம் பயின்று டிப்ளோமா பெறுவது. மூன்றாவது, ஏதோ ஒரு வகையில் முதலில் பாடசாலைக்குள் நுழைந்து, பிறகு ஆசிரியர் கலாசாலைக்கு அனுப்பப்பட்டு இரண்டு வருடம் பயிற்சி பெற்று 'பயிற்றப்பட்ட ஆசிரியர்' ஆவது.

வித்தியாசத்தை ஒரு வரியில் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம். கல்வியியற் கல்லூரிக்குள் போகிறவர் இன்னும் ஆசிரியர் அல்லர், ஆசிரிய மாணவர். கலாசாலைக்குப் போகிறவர் ஏற்கெனவே வகுப்பில் நின்று பழகிய ஆசிரியர். முதலாமவர் படித்து முடித்தால்தான் வேலை. இரண்டாமவருக்கு வேலை இருக்கிறது, படித்து முடித்தால்தான் அது நிலைக்கும்.

கல்வியியற் கல்லூரிகள் 1980களில் வந்தவை. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம் அவற்றுக்கு அத்திவாரம். அதற்கு முன்னர் கலாசாலைகளே எல்லாமாக இருந்தன. நமது சமூகத்தைப் பொறுத்தவரை அட்டாளைச்சேனையும் அளுத்கமையும் மறக்க முடியாத பெயர்கள். வீட்டு முற்றத்தைத் தாண்டி அனுப்பத் தயங்கிய அந்தக் காலத்தில், அளுத்கமையில் முஸ்லிம் பெண்களுக்கென்று ஒரு கலாசாலை இருந்ததால்தான் பல ஊர்களில் முதல் ஆசிரியை உருவானார். இன்று நாடு முழுவதும் பத்தொன்பது கல்வியியற் கல்லூரிகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். தமிழ் பேசும் பிள்ளைகள் போவது பெரும்பாலும் யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை, தர்கா நகர், பத்தனை ஸ்ரீபாத ஆகியவற்றுக்கு. பண்டாரவளை பிந்துனுவெவயில் நம் காலடியிலேயே ஊவா கல்வியியற் கல்லூரி இருந்தும், நமது பிள்ளைகளில் பலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறித்தான் ஆக வேண்டியிருக்கிறது. பத்தனை என்றால் பரவாயில்லை. பதுளையில் ஏறினால் ஹட்டனுக்கு முந்திய கொட்டகலையில் இறங்கிவிடலாம். தர்கா நகர் என்றால் மலையை விட்டுக் கடற்கரைக்கே போக வேண்டும்.

எழுத்துகளின் குழப்பம்

உள்ளே போவதற்கு முதலில் பெறுபேறு வேண்டும். இங்கேதான் உம்மாமாருக்கும் மகள்மாருக்கும் பாஷை ஒத்துவருவதில்லை.

நம் காலத்துச் சாதாரண தரச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அதில் டி, சி, எஸ், எப் என்று இருக்கும். டி என்றால் விசேட சித்தி. ஆறு டி எடுத்த பிள்ளையை ஊரே தூக்கிக் கொண்டாடியது. இந்தச் சான்றிதழை வெளிநாட்டில் இருக்கும் ஒரு மருமகன் பார்த்துவிட்டு, "மாமி ஏன் எல்லாப் பாடத்திலும் இவ்வளவு குறைவு?" என்று கேட்டாராம். அவர் இருக்கும் நாட்டில் டி என்பது தோல்விக்கு மேலே ஒரு படி! இப்போதைய பிள்ளைகளுக்கு ஏ, பி, சி, எஸ், டபிள்யூ. சாதாரண தரத்தில் 75உம் அதற்கு மேலும் ஏ. 65 முதல் பி. 50 முதல் சி. 35 முதல் எஸ். அதற்குக் கீழே டபிள்யூ. உயர்தரத்தில் ஏயும் பியும் அதே அளவுதான், ஆனால் சி எடுக்க 55 வேண்டும்.

இதில் பெற்றோர் கவனிக்காமல் விடுவது 'எஸ்' என்ற எழுத்தை. "பாஸ்தானே, போதும்" என்று விட்டுவிடுகிறோம். பாஸ் என்பது உண்மை. ஆனால் ஆசிரியத் தொழிலுக்கு விண்ணப்பிக்கும்போது, சாதாரண தரத்தில் எந்தெந்தப் பாடத்தில் திறமைச் சித்தி வேண்டும் என்று வர்த்தமானி தனியாகக் கேட்கும். முதன்மொழியும் கணிதமும்தான் பெரும்பாலும் காலை வாரும் பாடங்கள். உயர்தரத்தில் நல்ல பெறுபேறு வைத்துக்கொண்டு, பதினாறு வயதில் கணிதத்தில் எடுத்த ஒரு எஸ்ஸால் வாசலில் நிற்கும் பிள்ளைகள் உண்டு. தோட்டப் பகுதிகளில் இது இன்னும் கூடுதல். கணித டீச்சர் இல்லாமலே பத்தாம், பதினோராம் வகுப்பைக் கடந்த பிள்ளையிடம் கணிதச் சித்தியைக் கேட்கிறது விண்ணப்பப் படிவம்.

அடுத்தது இசட் புள்ளி. 2001ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு வந்த இந்த முறை கல்வியியற் கல்லூரித் தெரிவிலும் பேசப்படுகிறது. பலருக்கு இது மாயமந்திரம் போலத் தெரிகிறது. உள்ளபடி மிக எளிய சங்கதி. ஒரு பாடத்தில் உங்கள் மகள் எடுத்த புள்ளியிலிருந்து, அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லாருடைய சராசரியையும் கழிக்க வேண்டும். மிஞ்சுவதை நியம விலகல் என்ற எண்ணால் வகுக்க வேண்டும். புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதை அந்த எண் சொல்லும். ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு பாடத்தில் சராசரி 40, விலகல் 15. அதில் மகள் 70 எடுத்தால் இசட் புள்ளி 2. இன்னொரு பாடத்தில் சராசரி 60, விலகல் 12. அதில் 72 எடுத்தால் இசட் புள்ளி 1 மட்டுமே. 72 பெரிது, ஆனால் 70தான் கனம். எல்லாரும் கஷ்டப்பட்ட பாடத்தில் மகள் மேலே நின்றாள் என்பது அதன் அர்த்தம். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளையும் கூட்டி மூன்றால் வகுத்ததுதான் பெறுபேற்றுத் தாளில் தசமத்தோடு வரும் அந்த எண்.

ஆகவே "அந்தப் பாடம் லேசு, எல்லாரும் ஏ எடுக்கிறாங்க" என்று பாடம் தெரிவு செய்வது எப்போதும் இலாபம் அல்ல. கணக்கைத் தவறாகச் செய்தால் நாடே தடுமாறும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2011ஆம் ஆண்டு உயர்தரத்தில் பழைய பாடத்திட்டத்தினரையும் புதிய பாடத்திட்டத்தினரையும் ஒன்றாகக் கலந்து இசட் புள்ளி கணித்ததால் வழக்கு வந்து, 2012இல் உயர் நீதிமன்றம் அதை இரத்துச் செய்து மீண்டும் கணிக்க வைத்தது. அந்த மாதங்களில் எத்தனை வீடுகளில் தூக்கம் போயிற்று!

வர்த்தமானியில் இன்னும் இரண்டு விஷயங்களைப் பெற்றோர் வாசிக்க வேண்டும். வயது எல்லை இருக்கிறது. இருபத்தைந்தை நெருங்கிவிட்டால் கதவு சாத்தப்படும். ஆகவே "இந்த முறை விடட்டும், அடுத்த முறை பார்ப்போம்" என்பதற்கு அளவு உண்டு. மற்றது, விண்ணப்பிக்கிறவர் திருமணமாகாதவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. இதைப் பற்றிப் பின்னர் பேச வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது?

மூன்று வருடத்தில் முதல் இரண்டு வருடம் கல்லூரி விடுதியிலேயே தங்கிப் படிப்பு. மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி, அதாவது ஓர் ஆசிரியரைப் போலவே வகுப்பெடுத்துப் பழகும் வருடம். பரீட்சைத் திணைக்களம் நடத்தும் இறுதிப் பரீட்சையும் உண்டு. இவை எல்லாவற்றிலும் சித்தி பெற்றால்தான் தேசிய கற்பித்தல் டிப்ளோமா கையில் வரும்.

பாடசாலையில் பழகிய பிள்ளைக்கு இங்கே ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. உயர்தரத்தில் மூன்று மணித்தியாலம் இருந்து எழுதினால் முடிந்தது. இங்கே வருடம் முழுவதும் யாரோ புள்ளி போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒப்படை, செயற்றிட்டம், குழுவேலை, வரவு, விடுதி ஒழுங்கு, காலைக் கூட்டத்தில் பேச்சு, எல்லாவற்றுக்கும் கணக்கு. தொடர் மதிப்பீடு என்று பெயர். இறுதி வாரத்தில் விழுந்து விழுந்து படித்து ஈடு செய்ய முடியாத வகை இது. உளவியல், கல்வித் தத்துவம், மதிப்பீட்டியல் என்று எழுத்துப் பாடங்கள் ஒரு பக்கம், தான் கற்பிக்கப்போகும் பாடம் ஒரு பக்கம், இரண்டாம் மொழியும் ஆங்கிலமும் இன்னொரு பக்கம். எழுத்துப் பாடம் ஒன்றில் தவறினால் அதை மீண்டும் எழுதிச் சரி செய்துகொள்ள வழி உண்டு. கூடப் படித்தவர்கள் நியமனம் பெற்றுப் போகும்போது ஒரு பாடத்துக்காகக் காத்திருக்கும் வருத்தம் மட்டும் மிச்சம்.

ஆனால் கற்பித்தல் பயிற்சி வேறு. மூன்றாண்டில் பிள்ளைகளை அழ வைப்பதும் ஆளாக்குவதும் அதுதான்.

என் முதல் கற்பித்தல் பயிற்சியை இன்றும் மறக்க முடியவில்லை. நாற்பது நிமிடப் பாடம். முதல் நாள் இரவு பன்னிரண்டு மணி வரை பாடக்குறிப்பு எழுதினேன். பிரவேசம் இத்தனை நிமிடம், விளக்கம் இத்தனை நிமிடம், மதிப்பீடு இத்தனை நிமிடம் என்று மணிக்கூட்டைப் பிரித்து வைத்திருந்தேன். கடைசி வாங்கில் விரிவுரையாளர் வந்து உட்கார்ந்தார். நான் பேசினேன், பேசினேன், பேசிக்கொண்டே இருந்தேன். திரும்பிப் பார்த்தால் இருபத்திரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது! மிச்சப் பதினெட்டு நிமிடம் கரும்பலகையை அழிப்பதும் எழுதுவதுமாகப் போயிற்று. அவர் கொப்பியில் ஒரே வரிதான் எழுதியிருந்தார். பிள்ளைகள் பேசவில்லை, ஆசிரியை மட்டும் பேசினார் என்று. அன்று வாங்கிய புள்ளியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பின்னர் முப்பது வருடம் கற்பித்ததில் எனக்குக் கிடைத்த மிக நல்ல பாடம் அதுதான்.

வகுப்பைப் பார்க்க வருகிறவர் எதைப் பார்க்கிறார்? பாடக்குறிப்பு இருக்கிறதா, உபகரணம் பொருத்தமா, கரும்பலகை எழுத்து வாசிக்கக் கூடியதா என்பவை கண்ணுக்குத் தெரிகிறவை. பின் வாங்குப் பிள்ளையிடம் கேள்வி போனதா, தவறான பதிலை ஆசிரியை எப்படி ஏற்றுக்கொண்டார், பாடம் முடியும்போது பிள்ளைக்குப் புதிதாக ஒன்று செய்ய முடிகிறதா என்பவைதான் உண்மையில் எடை போடுபவை. 1999ஆம் ஆண்டளவில் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் வந்த பின்னர், முதலாம் இரண்டாம் தரம் ஒரு கட்டம், மூன்றாம் நான்காம் தரம் ஒரு கட்டம், ஐந்தாம் தரம் ஒரு கட்டம் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் பிள்ளை அடைய வேண்டிய அத்தியாவசியத் தேர்ச்சிகளைக் கேட்கத் தொடங்கினார்கள். "பாடத்தை முடித்தேன்" என்று டீச்சர் சொன்னால் போதாது, "பிள்ளை இதைச் செய்கிறது" என்று காட்ட வேண்டும். பாட்டு, விளையாட்டு, கூட்டல் கழித்தலுக்குப் புளியங்கொட்டை, தீப்பெட்டி எல்லாம் வகுப்புக்கு வந்தன. பிரிஸ்டல் அட்டைக்கு வீட்டில் செலவாகும் பணத்தைப் பார்த்து வாப்பாமார் முணுமுணுப்பதும் அப்போதிருந்துதான்.

தேயிலை மலைக்குள்

ஊவாவில் நின்று இந்தக் கதையைப் பேசும்போது தோட்டப் பாடசாலைகளை விட்டுவிட்டுப் பேச முடியாது. ஏனென்றால் நம் பிள்ளைகளில் கணிசமானோருக்கு முதல் நியமனம் கிடைப்பது அங்கேதான்.

1945இல் இலவசக் கல்வி வந்தபோது நாடு கொண்டாடியது. தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தப் பெருநாள் வரவில்லை. தோட்ட நிர்வாகம் நடத்திய ஒற்றை அறை, ஒற்றை ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு வரை. அதற்கு மேல் கொழுந்துக் கூடை. 1960களின் தொடக்கத்தில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியிலேயே விடப்பட்டன. 1970களில் காணிச் சீர்திருத்தத்தின் பின்னர்தான் அவை படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இந்தக் கதைக்குள் இன்னொரு முள். பிரஜை அல்லாதவருக்கு அரசாங்க ஆசிரியர் வேலை எங்கிருந்து வரும்? இருந்த படித்தவர்களில் பலர் 1964இன் ஒப்பந்தத்துக்குப் பின்னர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அந்த முள்ளை முழுதாகப் பிடுங்க 2003இன் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பாடசாலையைப் பொறுப்பேற்றார்கள், ஆசிரியருக்கு எங்கே போவது? தோட்டத்திலேயே சாதாரண தரம் சித்தி பெற்ற இளைஞர்களையும் யுவதிகளையும் எடுத்து வகுப்பில் நிறுத்தினார்கள். முதலில் கற்பி, பிறகு கற்றுக்கொள்! வெளியில் இருந்து பார்த்தால் கேலியாகத் தோன்றலாம். ஆனால் லயத்து அறையில் பிறந்து, அதே பிள்ளைகளின் பேச்சும் பசியும் தெரிந்த அந்தப் பேர்கள்தான் பல பாடசாலைகளை மூடவிடாமல் காத்தார்கள். கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் பயின்று, இறுதிப் பரீட்சை எழுதி, பயிற்றப்பட்ட ஆசிரியர்களாக மலைக்குத் திரும்பியவர்கள் இவர்களில் ஏராளம். பத்தனையில் ஸ்ரீபாத கல்லூரி ஜேர்மன் உதவியோடு எழுந்ததும் தோட்டப் பகுதிக்கு ஆசிரியர்களைத் தருவதற்காகவே.

அண்மைக் காலத்தில் இதே கதை இன்னொரு முறை நடந்தது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென்று மூவாயிரத்துக்கும் அதிகமான ஆசிரிய உதவியாளர்களைத் தெரிவு செய்தார்கள். உயர்தரம் சித்தி பெற்றவர்கள். மாதக் கொடுப்பனவு ஆறாயிரம் ரூபா. நண்பிகளே, அந்த ஆறாயிரத்தில் பஸ் செலவு போக மிச்சம் என்ன என்று வீட்டுக் கணக்கு எழுதுகிற நமக்குத் தெரியும். பின்னர் போராட்டங்களுக்குப் பிறகு அது பத்தாயிரமாயிற்று. நிரந்தர ஆசிரியருக்குரிய சம்பளமும் ஓய்வூதியமும் வேண்டுமானால், குறித்த காலத்துக்குள் பயிற்சிச் சான்றிதழோ பட்டமோ பெற்று வர வேண்டும். கலாசாலைகளுக்குப் போனார்கள். குழந்தையை உம்மம்மாவிடம் விட்டுப் போன தாய்மார் அதில் இருந்தார்கள். விடுதிக்குப் பணம் கட்டிவிட்டு, வீட்டுக்கும் அனுப்பி, பத்தாயிரத்தில் சீவித்தார்கள்.

பரீட்சை எழுதி முடித்தார்கள். பிறகு பெறுபேறு வரும் வரை காத்திருப்பு. புள்ளி, சித்தி, சான்றிதழ் என்று மேசையில் இருந்து பேசுகிறவர்களுக்கு அது ஒரு காகிதம். அந்தப் பெண்களுக்கு ஒவ்வொரு மாதத் தாமதமும் ஒரு முழுச் சம்பளத்துக்கும் ஓர் உதவித் தொகைக்கும் இடையிலான வித்தியாசம். ஒரே பாடசாலையில், ஒரே மணிக்கூட்டுக்கு வந்து, ஒரே அளவு பாடம் எடுத்த இரண்டு பேரில் ஒருவருக்குச் சம்பளம், மற்றவருக்குக் கொடுப்பனவு. இது நியாயமா என்று கேட்டால் எனக்கு இல்லை என்றுதான் படுகிறது. தகுதி வேண்டாம் என்று சொல்லவில்லை. தகுதி பெறும் வரை மனிதர் பட்டினி கிடக்க வேண்டும் என்று எந்தக் கல்வித் தத்துவத்திலும் நான் படிக்கவில்லை. பின்னர் படிப்படியாக அவர்கள் ஆசிரியர் சேவைக்குள் உள்வாங்கப்பட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

சேவைக்குள் போன பிறகு

"நியமனம் வந்துவிட்டது, இனிப் பரீட்சை இல்லை" என்று பெருமூச்சு விடாதீர்கள். 1994இல் இலங்கை ஆசிரியர் சேவை என்று ஒன்று அமைக்கப்பட்டது. மூன்றாம் வகுப்பில் தொடங்கி முதலாம் வகுப்பு வரை ஏணி. டிப்ளோமாவோடு வருகிறவரும் பட்டத்தோடு வருகிறவரும் வெவ்வேறு படியில் கால் வைக்கிறார்கள். பட்டத்தோடு கல்வியியல் பட்டப்பின் டிப்ளோமாவும் வைத்திருப்பவர் இன்னும் மேலே. இடையில் வினைத்திறன் காண் தடை தாண்ட வேண்டும். அதைக் காலத்தில் தாண்டாவிட்டால் சம்பள ஏற்றம் நின்றுவிடும். பேறுகால விடுமுறையில் இருக்கும்போது கடிதம் வந்து, தேதியைத் தவறவிட்டு, வருடக் கணக்கில் பின்தங்கிய சகோதரிகளை நான் அறிவேன். கோப்பு ஒன்று வாங்கி எல்லாக் கடிதத்தையும் தேதி வரிசையில் அடுக்கி வையுங்கள். நியமனக் கடிதம், கடமையேற்ற கடிதம், டிப்ளோமா, பெறுபேற்றுத் தாள், எல்லாவற்றிலும் இரண்டு பிரதி.

டிப்ளோமாவோடு நின்றுவிடவும் வேண்டியதில்லை. தேசிய கல்வி நிறுவகமும் திறந்த பல்கலைக்கழகமும் வேலை செய்துகொண்டே படிக்க வழி வைத்திருக்கின்றன. பட்டப்படிப்பில் புள்ளி வேறு பாஷை பேசும். அங்கே பாடத்துக்குப் பாடம் ஏ, பி, சியை 4, 3, 2 என்று எண்ணாக்கி, பாடத்தின் கனத்தைப் பார்த்துச் சராசரி எடுப்பார்கள். பொதுவாக 2 இருந்தால் பட்டம் கிடைக்கும், 3.70 இருந்தால் முதல் வகுப்பு.

கலியாணப் பேச்சு

இப்போது அந்த நிபந்தனைக்கு வருகிறேன். வெலிமடைத் தாயின் உண்மையான கேள்வி கலாசாலையைப் பற்றியதே அல்ல. சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் மெதுவாகச் சொன்னார்: மகளுக்கு உயர்தரத்தில் நல்ல பெறுபேறு, கல்வியியற் கல்லூரிக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதமும் வந்திருக்கிறது. அதே கிழமை ஒரு நல்ல இடமும் வந்திருக்கிறது. மாப்பிள்ளை வெளிநாட்டில் இருந்து மூன்று மாத லீவில் வருகிறார். நிக்காஹை முடித்துவிட்டுப் போக வேண்டுமாம். மாமியார் வீட்டார், "கலியாணம் முடிச்சும் படிக்கலாந்தானே" என்கிறார்களாம். அவளுடைய நானாவுக்கும் அதுதான் சரி என்று படுகிறதாம்.

மாமியார் வீட்டாருக்குச் சட்டம் தெரியாது, கோபிக்க ஒன்றுமில்லை. கல்வியியற் கல்லூரிக்குத் திருமணமாகாதவர்தான் விண்ணப்பிக்கலாம், இரண்டு வருடம் விடுதியில் தங்கியே ஆக வேண்டும், இடையில் விட்டுப் போனால் பிணையாகக் கையெழுத்துப் போட்டவர்களுக்கும் சங்கடம் வரும் என்று சொன்னேன். பட்டப்படிப்பு அப்படியல்ல, கலியாணம் முடித்தும் தொடரலாம் என்பதையும் சொன்னேன். ஆகவே முடிவு எடுக்க வேண்டியது 'படிப்பா கலியாணமா' என்பதை அல்ல, 'எந்தப் படிப்பு, எப்போது கலியாணம்' என்பதை. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பல வீடுகளில் நல்ல பெறுபேறு ஒன்று அலுமாரிக்குள் போய்விடுகிறது. பேச்சு முற்றிய பிறகு நிபந்தனையை எடுத்துச் சொன்னால் அது சாக்குப்போக்காகக் கேட்கும். முதல் நாளே வர்த்தமானியைக் காட்டிச் சொன்னால் மரியாதையாக இருக்கும். காத்திருக்கக்கூடிய குடும்பமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

அந்தத் தாய் வீட்டுக்குப் போய் என்ன செய்தார் என்று கொஞ்ச நாளாகத் தெரியவில்லை. அடுத்த வருடம் நோன்புக்குப் பிறகு ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். பிள்ளை லீவில் வந்திருந்தாள். முன் விறாந்தைச் சீமெந்துத் தரையில் பிரிஸ்டல் அட்டை விரித்துக் கிடந்தது. அடுத்த கிழமை கற்பித்தல் பயிற்சியாம், இரண்டாம் தரத்துக்குப் பெருக்கல். தேயிலைக் கொழுந்து வடிவத்தில் பச்சை அட்டைகள் வெட்டி, கூடைக்கு ஐந்து ஐந்தாகப் போட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் உம்மாவின் கையில் இருந்தது. நானா பக்கத்தில் குந்தியிருந்து பசை பூசிக்கொண்டிருந்தார்.